தும்பையைத் தேடிய வடிகட்டி

"பூச்சியமோ?" என்று அப்புத்துரை காதோடு காதாகக் கேட்டார்.

"பூச்சியந்தான் மாமா" என்றான் சிவகரன்.

"வெள்ளை எண்டு அடிச்சனியோ?"

"ஓம்."

"பசு எண்டு?"

"அதுவும் அடிச்சனான். வலது தொடையிலை சுட்ட குறியும் போட்டிட்டன். மூண்டும் சேர்ந்த மாடு ஒண்டும் இல்லையாம்."

அப்புத்துரை கதிரையை இன்னும் கிட்ட இழுத்துக்கொண்டு, கிணற்றுக்குள் விழுந்த வாளியைத் தேடுகிறவர்போல மடிக்கணினியை எட்டிப் பார்த்தார்.

"கிளிநொச்சியிலை வெள்ளைப் பசுவே இல்லையெண்டு சொல்லுதோ உன்ரை பெட்டி? இதைப் படிக்கத்தானோ பின்னேரம் பின்னேரம் வகுப்புக்கு ஓடுறாய்?"

"சத்தம் போடாதையுங்கோ மாமா. பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்."

அப்புத்துரை உடனே வாயை மூடிக்கொண்டார். பக்கத்து வீட்டுக்குக் கேட்டால் அவர் கதை முடிந்தது.

அவர் அந்தப் பகுதி விவசாயிகளின் கமக்காரர் அமைப்புக்குத் தலைவர். விதைப்பிலிருந்து அறுவடை வரைக்கும் மாடுகளைக் காட்டோரப் பட்டிக்கு அனுப்பிவிட வேண்டும் என்பது ஊரின் ஏற்பாடு. அதை மீறித் தெருவிலும் வயலிலும் திரிகிற கட்டாக்காலி மாடுகளைப் பிடித்துப் பிரதேச சபையின் மாட்டடைப்பில் கட்ட வேண்டும் என்று கூட்டத்தில் மேசையில் அடித்துப் பேசியவர் அவர்தான். பிடிபட்ட மாட்டின் சொந்தக்காரர் அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்ற பிரேரணையும் அவருடையதே. அது ஏகமனதாக நிறைவேறியது. அவர் பேசி முடித்த பிறகு எதிர்த்துக் கையுயர்த்த ஒருவருக்கும் மனம் வரவில்லை.

இப்போது அவருடைய பசு தும்பையையே காணவில்லை.

பட்டிக்காரர் தொலைபேசியில் அழாக்குறையாகச் சொல்லியிருந்தார். மழையோடு மழையாக மாடு எங்கேயோ விலகிப் போய்விட்டது, காடெல்லாம் தேடியாயிற்று, யாராவது பிடித்து அடைப்பில் கட்டியிருந்தால்தான் உண்டு. அடைப்பில் கேட்பாரில்லாமல் நிற்கிற மாடுகளை வெள்ளிக்கிழமை ஏலம் விடுவார்கள். தும்பை நிறைசினை. ஏலத்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் பால் கறக்க மாடு தேடி வருகிறவர்கள் இல்லை. சிலர் லொறியோடு வருவார்கள்.

"மாடு வாற வரைக்கும் இந்த வீட்டிலை பால் விடாத பிளேன்ரீதான்" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போன பத்மாசனி மாமி, அதற்குப் பிறகு புருசனோடு வேறொன்றும் கதைக்கவில்லை.

"அப்பா, நேரை போய்ப் பாத்திட்டு வாங்கோவன்" என்றாள் தேனுகா. அவருடைய மகள். சிவகரனோடு அதே மாலை வகுப்பில் படிக்கிறவள். எந்த வேலையையும் அவனுக்கு முன்னமே முடித்துவிட்டு, அவன் முழிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிற பழக்கம் அவளுக்கு இருந்தது.

"நான் போறதோ? இந்தப் போகத்திலை மட்டும் ஏழு கட்டாக்காலி மாடு பிடிச்சுக் கட்டினவன் நான். கடைசியாப் பிடிச்சதெண்டால் கயிறுகூடத் தேவைப்படேல்லை. 'வா' எண்டன், பின்னாலை வந்தது. ஊர் மாட்டுக்கே என்னிலை அவ்வளவு பயம். அப்பிடிப்பட்டவன் அங்கை போய் 'என்ரை மாட்டைக் கண்டனீங்களோ' எண்டு கேக்கிறதோ?"

"அப்ப நான் போறன்."

"நீ போனாலும் தலைவற்றை மகள் எண்டு தெரியும். மருமோன் பூவரசங்குளத்தான். அவனை இஞ்சை ஆருக்குத் தெரியும்? அவன் பாக்கட்டும்."

பூவரசங்குளத்தான் பார்த்தான். அவனுக்கு வேறு வழி இருக்கவில்லை. சபை பரீட்சார்த்தமாகப் பாவிக்கிற அந்த மாடு தேடும் இணையப் பக்கம், அவன் வகுப்புக்காகச் செய்த வேலை. யாரும் வீட்டிலிருந்தபடியே அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுத்து, அடைப்பில் நிற்கிற மாடுகளில் தங்களுடையதைத் தேடலாம் என்று வகுப்பின் முன்னால் நின்று பெருமையாக விளக்கியிருந்தான். பெரிய ஆளொருவர் முதன்முதலாகத் தேடிய மாடே இப்படி ஆகிவிட்டது.

சிவகரன் ஒழுங்கானவன். ஒழுங்கானவர்களுக்கே உரிய சந்தேகமும் அவனிடம் நிறைய இருந்தது. கதவைப் பூட்டிவிட்டு வந்து, பூட்டினேனா என்று திரும்பிப் போய்ப் பார்ப்பான். பார்த்துவிட்டு வந்து, வடிவாகப் பார்த்தேனா என்று யோசிப்பான். அதனால் தேடலை அவன் சொந்தமாக எழுதவில்லை. கெட்டிக்காரர்கள் எழுதி, எவரும் எடுத்துப் பாவிக்கலாம் என்று பொதுவில் விட்டிருந்த ஒரு மென்பொருள் நூலகத்தை எடுத்துப் பொருத்தியிருந்தான். அதில் வடிகட்டிகள் இருந்தன. நிறத்துக்கு ஒன்று, பசுவா நாம்பனா என்பதற்கு ஒன்று, குறிக்கு ஒன்று. தன் பங்குக்கு அவனும் ஒன்று சேர்த்தான்: ஒரு மாட்டைப் பிடித்துக் கொடுத்தவருக்கு அந்த மாடு தேடலில் வராது. அயலவன் மாட்டைப் பிடித்து அடைத்துவிட்டு, மறுநாள் வந்து தன்னுடையதென்று அவிழ்த்துப் போகிற ஆட்களுக்காக வைத்த பூட்டு அது. வகுப்பாசிரியர் குகதாசன் சேர் அதைப் பார்த்து "பரவாயில்லை" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வருடம் வந்த ஒரே பாராட்டு.

வேகத்துக்காக இன்னொன்றும் செய்திருந்தான். ஒருமுறை வடிகட்டியதை நூலகம் நினைவில் வைத்துக்கொள்ளும். அடுத்த முறை முழு அடைப்பையும் திரும்ப எண்ணாமல் நினைவில் இருந்ததையே எடுத்து நீட்டும். சபையின் இணைப்பு நத்தை வேகத்தில் ஊர்ந்ததால், அவன் எல்லா வடிகட்டிக்கும் அந்த நினைவைப் போட்டுவிட்டிருந்தான்.

ஒரு வெள்ளை மாடும் இல்லை என்பதை அவனாலும் நம்ப முடியவில்லை. அடைப்புக் காவலாளி யோசெப் அண்ணைக்கு அழைப்பெடுத்தான். யார் மாடு என்று சொல்லாமல் விசாரித்தான்.

"வெள்ளையோ? நான் ஒண்டுக்கும் வெள்ளையெண்டு எழுதேல்லையே தம்பி."

"அப்ப என்னண்ணை எழுதினனீங்கள்?"

"உள்ளதைத்தான். ஒண்டு கணவாய் மாதிரி, ரெண்டு மூண்டு திரளி மாதிரி. எல்லாத்தையும் வெள்ளையெண்டு எழுதினால் பிழையெல்லோ?"

யோசெப் முல்லைத்தீவுக் கரைக்காரர். முழங்கால் வருத்தத்தால் கடலை விட்டு, சபை வேலைக்கு வந்தவர். அதற்கு முன்னர் மாட்டைக் கிட்ட நின்று பார்த்ததே இல்லை. சிவகரன் நிறம் என்ற இடத்தில் எதையும் எழுதலாம் என்று விட்டிருந்தான். யோசெப்பும் தமக்குத் தெரிந்த நிறங்களை எழுதியிருந்தார். சுறா. சூடை. அவித்த நண்டு. களிநண்டு. இறால், பச்சை. இறால், வறுத்தது.

"படமும் எடுத்துப் போடச் சொன்னனே அண்ணை?"

"போட்டனான் தம்பி, எல்லாத்துக்கும் போட்டனான்."

போட்டுத்தான் இருந்தார். எல்லாப் படத்திலும் அவருடைய பெருவிரல் மிகத் தெளிவாக விழுந்திருந்தது.

தெரிவுப் பட்டியல் வைக்காதது தன் பிழைதான் என்று சிவகரன் தன்னையே நொந்துகொண்டு உட்கார்ந்தான். கணவாயும் திரளியும் வெள்ளை, சுறா சாம்பல், அவித்த நண்டு சிவலை, களிநண்டு மண்ணிறம் என்று மீனை மாடாக மாற்றும் அட்டவணை ஒன்றை எழுதினான். எழுதி முடித்து, மூன்று முறை சரிபார்த்து, மாமாவைக் கூப்பிட்டுத் தேடினான்.

பூச்சியம்.

"மச்சான்" என்றாள் தேனுகா, கதவில் சாய்ந்துகொண்டு. "ஒருக்கா வடிச்சதை நினைவிலை வைக்கச் சொல்லி நீதானே போட்டனி? முதல் தேடினபோது வெள்ளை எண்டால் ஒண்டுமில்லை எண்டு அது வடிச்சு வைச்சிட்டுது. இப்ப நீ என்ன மாத்தினாலும் அந்தப் பழைய வடிப்பைத்தான் எடுத்துத் தரும். தேங்காய்ப்பூவை மாத்திப்போட்டு, முதல்நாள் பிழிஞ்ச பாலையே கறிக்கு விடுற மாதிரி."

"அது எனக்குத் தெரியும்" என்றான் சிவகரன். அவள் சொல்லும்வரை அவனுக்குத் தெரியாது.

நிறத்தின் நினைவை மட்டும் கவனமாக அழித்தான். திரையில் ஒரு மாடு வந்தது. இலக்கம் இருபத்தேழு. கணவாய் நிறம்.

அப்புத்துரை எழுந்தே விட்டார். "தும்பை! நான் சொல்லேல்லையே? மருமோன் கெட்டிக்காரன் எண்டு நான் எப்பவும் சொல்லுறனான்."

அவர் எப்போதும் அப்படிச் சொன்னதை யாரும் கேட்டதில்லை.

மறுநாள் காலை சிவகரன் நெல் ஆலையில் அரைநாள் லீவு போட்டுவிட்டு, மோட்டார் சைக்கிளில் அடைப்புக்குப் போனான். தும்பையை அவன் முன்பின் கண்டதில்லை. அவன் மாமா வீட்டுக்கு வந்தபோது அது பட்டிக்குப் போய்விட்டிருந்தது. அதோடு மாடென்றால் அவனுக்குக் கொஞ்சம் பயம். முள்ளுக்கம்பிக்குள் மாடுகள் முழங்கால் சேற்றில் நெருக்கியடித்து நின்றன. இலக்கங்கள் கழுத்து மட்டைகளில் தொங்கின. அவன் இருபத்தேழைத் தேடிக்கொண்டு கம்பியோரமாக நடந்தான்.

காதுவரை சேறு அப்பியிருந்த ஒரு மாடு கழுத்தை நீட்டி அவன் போட்டிருந்த சேட்டை முகர்ந்தது. மாமி வீட்டுக் கொடியில் காய்ந்த சேட்டு. பிறகு அவன் கையை நக்கியது.

"போ, போ" என்று அவன் கையை இழுத்துக்கொண்டான். "நீ பட்டியலிலை இல்லை."

அந்த மாடு ஒரு பெருமூச்சு விட்டதுபோல இருந்தது. சிவகரன் கடந்து போனான்.

இருபத்தேழு மூலையில் தனியாக நின்றது. அவன் கம்பிக்குள் நுழைந்து கிட்டப் போனான். வெள்ளைதான். தொடையில் குறியும் இருந்தது. கூடவே திமிலும், உயர்த்திய வாலும், குனிந்த தலையும் இருந்தன. சிவகரன் கம்பி வேலியை எப்படித் தாண்டினான் என்பது அவனுக்கே நினைவில்லை. சாரத்தை அல்ல, காற்சட்டையை உடுத்தி வந்தது எவ்வளவு நல்லது என்று மட்டும் பிறகு யோசித்தான்.

"அது நாம்பனெல்லோ தம்பி" என்றார் யோசெப், செருப்பை எடுத்துக் கொடுத்துக்கொண்டே. "கேட்டிருந்தால் சொல்லியிருப்பனே."

வீட்டில் பிளேன்ரீ காத்திருந்தது. தேனுகாவும் காத்திருந்தாள்.

"நாம்பனை எப்பிடி மச்சான் பசு எண்டு காட்டிச்சுது?"

பின்னேரம் முழுக்க இருந்து கண்டுபிடித்தான். நூலகம் வடிகட்டியின் பெயரை மட்டும் வைத்தே வடிப்பை நினைவில் வைத்திருந்தது. உள்ளே என்ன கேட்கிறார்கள் என்பதைப் பார்க்கவில்லை. அப்படித்தான் அவன் அதைப் பொருத்தியிருந்தான். அப்புத்துரைக்கு முன்னர் பளையிலிருந்து ஒருவர் தொலைந்த நாம்பனொன்றைத் தேடியிருக்கிறார். அந்த நாம்பன் அப்படியே நினைவில் நின்று, அவனைத் துரத்தியும் விட்டது.

"இனி ஒண்டொண்டா அழிக்கிற வேலை வேண்டாம்" என்றான் சிவகரன் தீர்மானமாக. அவன் எதையும் அவ்வளவு தீர்மானமாகச் சொல்லிப் பழகியதில்லை. "முழு நினைவையும் ஒரேயடியாத் துடைக்கிறன். எல்லாம் புதிசா வடிக்கட்டும்."

"துடை, துடை" என்றார் மாமா. "கெதியாத் துடை. நாளையிண்டைக்கு ஏலம்."

துடைத்தான். தேடினான். பூச்சியம். நிறத்தை எடுத்துவிட்டுத் தேடினான். குறியையும் எடுத்தான். இப்போது எல்லாப் பசுக்களும் வந்தன. ஒவ்வொன்றாக வாசித்தான், மாமா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். கொம்பு வளைந்தது இல்லை. நெற்றியில் சுழி இல்லை. கிழடு. கன்று. தும்பை இல்லை. அடைப்பில் தான் கண்ணால் கண்டதைவிடப் பட்டியலில் மாடு குறைகிறதே என்று சிவகரனுக்கு ஒரு சந்தேகம் தட்டியது. யோசெப் அண்ணை இன்னும் பதியாதவையாக இருக்கும் என்று அதை விட்டுவிட்டான். சந்தேகப்பட வேண்டிய இடத்தில் ஒருமுறை சந்தேகப்படாமல் விட்டான்.

மறுநாள் பத்து மணிக்கு அப்புத்துரையின் தொலைபேசி அடித்தது. வைத்ததும் மறுபடி அடித்தது. ஒவ்வொரு அழைப்போடும் அவர் முகம் ஒரு சுற்றுக் கறுத்தது.

சபை வாசலில் ஒரு திரை இருந்தது. யார் என்ன மாட்டைத் தேடுகிறார்கள் என்பது அதில் ஓடிக்கொண்டிருக்கும், கண்டவர்கள் சொல்லட்டும் என்று. மாமாவின் பெயர் அதில் வராமலிருக்கச் சிவகரன் முதல் நாளே ஒரு சின்ன வேலை செய்திருந்தான். அதை நிரலுக்குள் எழுதாமல், அவசரத்துக்கு வடிகட்டி நினைவுக்குள் செருகியிருந்தான். முழு நினைவையும் துடைத்தபோது அதுவும் துடைபட்டுப் போனது. காலையிலிருந்து சபை வாசலில், ஏ-ஒன்பது வீதியில் போகிற பஸ்ஸிலிருந்தும் வாசிக்கக்கூடிய பருமனில் இப்படி ஓடிக்கொண்டிருந்தது:

தேடப்படுவது: பசு, வெள்ளை. சொந்தக்காரர்: அப்புத்துரை, தலைவர், கமக்காரர் அமைப்பு.

"தலைவரே, மன்னிப்பை எழுதி வைச்சு வாசிப்பியளோ, பாடமாக்கிச் சொல்லுவியளோ?" என்று கேட்டவர் நாலாவது ஆள்.

சிவகரன் மேசைக்குக் கீழே போய்விடலாமா என்று பார்த்தான். மாமா அவனை ஏசவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. "மானம் போனது போனதுதான். மாடாவது மிஞ்சட்டும். நாளைக்கு நானே போறன்" என்றார்.

அன்று அவருக்குப் பிளேன்ரீயோடு ஒரு துண்டு பனங்கட்டியும் கிடைத்தது.

வெள்ளிக்கிழமை அப்புத்துரை வெள்ளைச் சேட்டும், கூட்டங்களுக்குப் போடுகிற கண்ணாடியும் போட்டுக்கொண்டு, சிவகரனையும் தேனுகாவையும் கூட்டிக்கொண்டு போனார். ஏலத்துக்கு ஆட்கள் கூடியிருந்தார்கள். வீதியோரம் இரண்டு லொறிகள் பின்கதவைத் திறந்தபடி நின்றன. அவரைக் கண்டதும் கூட்டத்தில் ஒரு இருமல் கிளம்பி, ஆளுக்காள் தொற்றியது.

"வாங்கோ தலைவர். பாக்க வந்தனீங்களோ, பிடிச்சுக் கட்ட வந்தனீங்களோ?"

அப்புத்துரை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். கம்பியோரமாக ஒவ்வொரு மாடாகப் பார்த்துக்கொண்டு போனார். சேறு, சேறு, சேறு. தும்பை இல்லை. லொறிக்காரர் ஒருவர் கயிற்றுச் சுருளை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

ஏலம் விடுகிற மாடுகளைக் கழுவித்தான் நிறுத்த வேண்டும். யோசெப் குழாயை இழுத்துக்கொண்டு வந்து, பட்டியலில் கடைசியாக நின்ற களிநண்டு நிற மாட்டின்மேல் தண்ணீரை அடித்தார். முதலில் முதுகு வெளுத்தது. பிறகு கழுத்து. பிறகு நெற்றிச் சுழி. வலது தொடையில் பழைய குறியொன்று மெல்ல வெளியே வந்தது.

"அடி, தும்பை!" என்று கத்தினாள் தேனுகா.

முந்தநாள் தன் கையை நக்கிய மாடு என்று சிவகரனுக்கு அதன் பார்வையிலேயே விளங்கியது.

அப்புத்துரை வயதை மறந்து கம்பிக்குள் நுழைந்தார். வெள்ளைச் சேட்டோடு மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். அது அவர் தோளில் தாடையை வைத்துக்கொண்டு ஆறுதலாக அசைபோட்டது. லொறிக்காரர் கயிற்றைத் திரும்பச் சுருட்டினார். கூட்டத்தில் இருமலும் நின்றுவிட்டது. இரண்டொருவர் கண்ணைத் துடைத்துக்கூட விட்டார்கள். அதோடு அவர் வீட்டுக்குப் போயிருக்கலாம்.

ஆனால் அவர் தலைவர். கூட்டத்தைக் கண்டதும் நிமிர்ந்தார்.

"எல்லாரும் கேளுங்கோ! என்ரை மாடு வெளியிலை திரிஞ்சது பிழைதான். மன்னிப்புக் கேக்கிறன். ஆனால் ஒரு சினைமாட்டை, வாயில்லாச் சீவனை, ஆற்றை மாடு எண்டு குறியைக்கூடப் பாராமல் இந்தச் சேத்துக்குள்ளை கொண்டந்து கட்டினவன் ஆர்? அவனுக்குக் கண் இல்லையோ? நெஞ்சிலை ஈரம் இல்லையோ? மருமோன், உன்ரை பெட்டியைத் திற! பிடிச்சவன்ரை பேர் அதிலை இருக்குமெல்லோ? வாசி! எல்லாரும் கேக்க வாசி!"

சிவகரன் மோட்டார் சைக்கிள் இருக்கையில் மடிக்கணினியை வைத்துத் திறந்தான். இந்த மாடு ஏன் தனக்கு ஒருமுறைகூடக் காட்டப்படவில்லை என்பது அவனுக்கும் தெரிய வேண்டியிருந்தது. மாமாவின் அடையாள அட்டை இலக்கத்தை எடுத்துவிட்டு, வடிகட்டி ஒன்றுமில்லாமல் தேடினான். களிநண்டு வந்தது. பிடித்துக் கொடுத்தவர் என்ற இடத்தை வாசித்தான். திரும்பவும் வாசித்தான். வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் வேலையில் ஒரு பிழையும் இல்லை என்று அவனுக்கு நூறு வீதம் நிச்சயமாகத் தெரிந்தது. மெதுவாக மடிக்கணினியை மூடினான்.

"மாமா, வீட்டை போய்க் கதைப்பமே."

"என்ன வீட்டை போறது? ஆருக்குப் பயம்? பேரைச் சொல்லு!"

தேனுகா அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு தகப்பனைப் பார்த்தாள். வழக்கம்போல அவனுக்குப் பிந்தாமல் விளங்கிக்கொண்டு, சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

யோசெப் குழாயை நிறுத்தினார். தலைவர் இவ்வளவு கெஞ்சிக் கேட்கிறபோது, தெரிந்ததைச் சொல்லாமல் விடுவது மரியாதையில்லை என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும்.

"அண்டைக்குக் கொட்டுற மழைக்குள்ளை, கண்ணாடியும் இல்லாமல், இதைக் கூட்டிக்கொண்டு வந்து கட்டிப்போட்டு, 'இதின்ரை சொந்தக்காரன் வந்தால் லேசிலை விட்டிடாதை யோசெப்பு' எண்டு சொல்லிப்போட்டுப் போனது நீங்கள்தானே ஐயா?"